மெஷின் ஓடுகிறது, டெலிவரி மட்டும் லேட்: ஜாப் வொர்க் தொழிற்கூடங்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கிற மாதிரியான தொழிற்கூடங்களுக்காக எழுதியது இது. பத்திலிருந்து ஐம்பது பேர், நாலைந்து சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), ஒன்றிரண்டு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்), ஓரமாக ட்ரில்லிங் மெஷின்கள். பம்ப் பாகமோ வால்வு பாகமோ வண்டி பாகமோ வருகிறது, வெட்டி அனுப்புகிறீர்கள்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். டெலிவரி லேட் என்பவர்கள் மட்டும் முதல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். சோதனைகளை ஷாப்பில் நின்று செய்யுங்கள், ரிப்போர்ட்டை வைத்து வேண்டாம். ரிப்போர்ட்டில் மெஷின் ஓடிய நேரம் இருக்கும். ஜாப் சும்மா கிடந்த நேரம் இருக்காது.

அறிகுறி 1: எல்லா மெஷினும் ஓடுகிறது, ஆனால் சொன்ன தேதிக்கு ஜாப் போவதில்லை

பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில்தான் புது மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இரண்டு சோதனைகள்.

ஒன்று: வழக்கமாக ஓடும் ஒரு ஜாப்பைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போங்கள். காஸ்டிங் (ஃபவுண்டரியில் வார்த்து வந்த பாகம்) இறங்கிய நாள், முதல் ஆப்பரேஷனில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், அடுத்த மெஷினில் ஏறிய நேரம் என்று டிசி (டெலிவரி சலான்) போடுகிற வரைக்கும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் வெட்டிய நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு வாரம் ஷாப்பில் இருந்த ஜாப்பில் ஒவ்வொரு பீஸும் மெஷினில் இருந்தது சில நிமிடங்கள்தான் என்று வரும். மீதி நேரமெல்லாம் கிரேட்டுக்குள் (பீஸ் போடும் பெட்டி) கிடந்திருக்கிறது.

இரண்டு: ஷாப்பில் முடிந்தும் முடியாமலும் கிடக்கும் பீஸ்களை எண்ணி, ஒரு நாளைக்கு வெளியே போகும் பீஸ் எண்ணிக்கையால் வகுங்கள். 4,000 கிடக்கிறது, நாளுக்கு 400 போகிறது என்றால், இன்று உள்ளே வரும் காஸ்டிங் வெளியே போக சராசரியாகப் பத்து நாள் ஆகும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் கணித முறையில் நிரூபித்த உறவு இது. மெஷினுக்கும் பொருந்தும், ரேஷன் கடை வரிசைக்கும் பொருந்தும். 'அர்ஜென்ட்' என்று சிவப்பு மையில் எழுதுவதால் இந்தச் சராசரி குறையாது. ஒரு ஜாப் முன்னால் போனால் இன்னொன்று பின்னால் போகும். அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் மொத்தமாக நகர்த்துவது. 500 பீஸ் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்னிங் பீஸுக்கு 3 நிமிடம், மில்லிங் 3 நிமிடம், ட்ரில்லிங் 2 நிமிடம். ஐநூறும் டர்னிங் முடிந்த பிறகே மில்லிங்குக்கு, அதுவும் மொத்தமாக முடிந்த பிறகே ட்ரில்லிங்குக்கு என்று போனால் 1,500 + 1,500 + 1,000, ஆக 4,000 நிமிடம். 66 மணி நேரம் 40 நிமிடம். அதே ஆர்டரை ஐம்பது ஐம்பதாகக் கிரேட்டில் நகர்த்துங்கள். முதல் கிரேட் 150-வது நிமிடத்தில் மில்லிங்குக்குப் போய்விடும். மில்லிங் 1,650-ல் முடியும், கடைசி கிரேட் ட்ரில்லிங் முடிந்து 1,750-ல் வெளியே வந்துவிடும். 29 மணி 10 நிமிடம். மெஷின் அதேதான், ஆளும் ஸ்பீடும் ஃபீடும் அதேதான்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? ஐம்பது முடிந்ததும் அந்தக் கிரேட்டை அடுத்த மெஷினுக்குத் தள்ளுவது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள். டர்னிங் சூப்பர்வைசர் தன் செக்‌ஷன் புரொடக்‌ஷனைப் பார்க்கிறார். மில்லிங்காரர் தனக்கு வந்ததைப் பார்க்கிறார். இடையில் இருக்கும் இருபது அடி தரை யாருக்கும் சொந்தமில்லை. ஜாப் அங்கேதான் படுத்துக் கிடக்கிறது.

செய்ய வேண்டியது: செக்‌ஷன் வாரியாக இருக்கும் பொறுப்பை ஜாப் வாரியாக மாற்றுங்கள். பம்ப் கேசிங்குக்கு ஒருவர், வால்வு பாடிக்கு ஒருவர். காஸ்டிங் இறங்குவதிலிருந்து டிசி வரை அவர் பொறுப்பு. முடிந்தால் அந்த மூன்று மெஷின்களையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். ஃபவுண்டேஷன், கேபிள் செலவு இருக்கிறது. முடியாவிட்டால் சக்கரம் வைத்த ட்ராலியும் ஒரு ஹெல்பரும் போதும்.

அப்புறம், ஸ்டோர்ஸிலிருந்து காஸ்டிங் எடுப்பதற்கு வரம்பு போடுங்கள். ஒரு பேட்ச் வெளியே போனால்தான் அடுத்த பேட்ச் உள்ளே. இதைச் சொன்னால் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும்: "அப்ப மெஷின் சும்மா நிக்குமுங்களே?" நிற்கட்டும். எந்த மெஷின் முன்னால் எப்போதும் குவியல் இருக்கிறதோ அது மட்டும் நிற்கக்கூடாது. மற்றவை கொஞ்ச நேரம் நின்றால் நஷ்டமில்லை. ஓடினால்தான் குவியல் ஏறும்.

சரியானதற்கு அடையாளம்: வெளியே போகும் எண்ணிக்கை குறையாமல் தரையில் கிடக்கும் எண்ணிக்கை குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் வரம்பை அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே மெஷின் முன்னால் குவியல் நிற்கிறது, அந்த மெஷின் டீ நேரத்திலும் மதிய இடைவேளையிலும் கூட ஆள் மாற்றி ஓடுகிறது என்றால், சரி, அப்போது கொட்டேஷன் கேளுங்கள்.

அறிகுறி 2: செட்டிங் மாற்றவே பாதி ஷிஃப்ட் போகிறது, அதனால் சின்ன ஆர்டரைத் தொடவே முடியவில்லை

சோதனை: கடைசி நல்ல பீஸ் இறங்கியதிலிருந்து அடுத்த ஜாப்பின் முதல் நல்ல பீஸ் வரும் வரைக்கும் மொபைலில் வீடியோ எடுங்கள். ஆளைப் பிடிப்பதற்கு இல்லை என்று செட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் எல்லாம் வேகமாக நடக்கும். பிறகு செட்டரையும் உட்கார வைத்து, இருவருமாகப் பாருங்கள்.

பார்ப்பது இப்படித்தான் இருக்கும். பழைய ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) கழற்றியாகிவிட்டது. புது ஜாப்புக்கான சாஃப்ட் ஜா (பீஸுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும் தாடை) எங்கே? ரேக்கில் ஒரே மாதிரி இருபது செட் கிடக்கிறது, எதிலும் பார்ட் நம்பர் இல்லை. தேடுவதைவிடப் புதிதாக போரிங் அடித்துக்கொள்ளலாம் என்று செட்டர் முடிவெடுக்கிறார். போரிங் பார் பக்கத்து மெஷினில் மாட்டியிருக்கிறது. இன்செர்ட் (வெட்டும் முனை) வாங்க ஸ்டோர்ஸ் போனால் சாவி வைத்திருப்பவர் பேங்குக்குப் போயிருக்கிறார். எல்லாம் மாட்டி, ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்) எடுத்து, முதல் பீஸ் ஓட்டி க்யூசி (தரச் சோதனை) டேபிளில் வைத்தாகிவிட்டது. மெஷின் நிற்கிறது, ஆப்பரேட்டர் கைகட்டி நிற்கிறார். ஏன் என்று கேட்டால் பதில்: "இன்ஸ்பெக்‌ஷன் சார் வந்து பார்த்தாத்தானுங்க ஓட்ட முடியும். அவரு கஸ்டமர்கிட்ட போன் பேசிட்டிருக்காரு."

ஸ்பேனர் பிடித்த நேரம் இதில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

ஷிங்கோ ஷிகியோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1950-ல் ஹிரோஷிமாவில் மஸ்டா நிறுவனத்தின் பிரஸ் ஷாப்பில் கண்டதும் இதுதான். 800 டன் பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்றும்போது ஒரு போல்ட்டைக் காணவில்லை. தொழிலாளி ஷாப் முழுக்கத் தேடி அலைந்து, கடைசியில் பக்கத்து மெஷினின் நீள போல்ட்டை எடுத்து வெட்டி மாட்டினார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலை, மெஷின் நின்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று ஷிங்கோ இரண்டாகப் பிரித்தது அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான். பிற்பாடு டொயோட்டாவில் நாலு மணி நேரம் ஆன 1,000 டன் பிரஸ் மாற்றத்தை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், அதன்பின் மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். நமக்கு மூன்று நிமிடம் வேண்டாம். இரண்டு மணி நேரம் அரை மணி நேரமானால் போதும், தொழிலே மாறிவிடும்.

செய்ய வேண்டியது: ஜாவில் பார்ட் நம்பர் பஞ்ச் அடியுங்கள். அடுத்த ஜாப்புக்கான ஜா, டூல் ஹோல்டர், இன்செர்ட், கேஜ், டிராயிங், புரோகிராம் நம்பர் எல்லாம் முந்தின ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ட்ராலியில் மெஷின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ட்ராலியில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலைச் செட்டரே எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது சுவரில் தொங்கும், அவ்வளவுதான்.

முதல் பீஸ் ஓகே செய்கிற அதிகாரத்தை மெஷின் பக்கம் நகர்த்துங்கள். இதுதான் கஷ்டமானது. டிராயிங்கில் இருக்கும் பதினைந்து அளவில் முக்கியமானவை இரண்டு மூன்று இருக்கும். அவற்றை மட்டும் க்யூசி பார்க்கட்டும். மற்றதைச் செட்டர் கேஜ் போட்டுப் பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓட்டலாம். க்யூசி ஆள் முகம் சுளிப்பார். அவருடைய வேலை பீஸைப் பார்ப்பதிலிருந்து, செட்டர் சரியாகப் பார்க்கிறாரா என்று பார்ப்பதாக மாறுகிறது. அது பதவி இறக்கம் இல்லை என்பதை முதலாளிதான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

மிச்சமான நேரத்தை என்ன செய்வது? மாதம் 20 செட்டிங், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மொத்தம் 40 மணி நேரம் என்று வையுங்கள். செட்டிங் ஒரு மணி நேரமானதும் மீதி இருபது மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் பீஸ் அடிக்கலாம் என்று தோன்றும். அடிக்காதீர்கள். அதே 40 மணி நேரத்தில் 40 செட்டிங் போட்டு பேட்சைப் பாதியாக்குங்கள். மேலே சொன்ன குவியல் கரைவது அப்போதுதான்.

அறிகுறி 3: ரிஜெக்‌ஷன் வருகிறது, ஃபவுண்டரி உங்களைச் சொல்கிறது, நீங்கள் ஃபவுண்டரியைச் சொல்கிறீர்கள்

முதலில் ரிஜெக்ட் பீஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெஷினுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தால் உங்கள் பிரச்சினை ரிஜெக்‌ஷன் இல்லை, பயம். ரிஜெக்ட்டைக் காட்டினால் திட்டு விழும் என்றால் யாரும் காட்டமாட்டார்கள். சிவப்பு ட்ரே ஒன்றை ஷாப் நடுவில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் செட்டர், க்யூசி, ஜாப் பொறுப்பாளர் மூவரும் அங்கே பத்து நிமிடம் நிற்கட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் யார் செய்தது என்ற கேள்வி வரக்கூடாது.

ட்ரேயில் இருப்பதைப் பிரியுங்கள். எல்லாம் ஒரே மெஷினா, ஒரே ஷிஃப்டா? காஸ்டிங்கில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) இருக்கிறதே, எல்லாம் ஒரே ஹீட்டா? ஒரே ஹீட் என்றால் ஃபவுண்டரியிடம் போன் போட்டுச் சண்டை போட வேண்டியதில்லை, பீஸும் ஹீட் நம்பருமே பேசும்.

ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்று நின்ற ஓட்டை) என்றால் ஆப்பரேஷன் வரிசையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பலர் கவனிக்காத இடம் இது. எந்த முகத்தைச் சீவினால் ஓட்டை தெரியுமோ அந்த முகம் கடைசி ஆப்பரேஷனில் இருந்தால், முழு மெஷினிங் கூலியையும் போட்ட பிறகுதான் பீஸ் குப்பைக்குப் போகிறது. பீஸ் உட்காரும் லொகேஷன் கெடாத அளவுக்கு அதை முன்னால் கொண்டுவந்தால் காஸ்டிங் மட்டும்தான் நஷ்டம்; அதையும் ஃபவுண்டரி மாற்றித் தந்துவிடும்.

'இங்கே ஓகே, கஸ்டமரிடம் ஓவர்சைஸ்' என்ற சண்டைக்கு இரண்டு காரணங்களைச் சோதியுங்கள். கேஜ் காலிபரேஷன் ஒன்று. சூடு மற்றொன்று. அளவுகளுக்கான தர வெப்பநிலை 20 டிகிரி. 100 மில்லிமீட்டர் அலுமினிய பீஸ் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 23 மைக்ரான் பெரிதாகக் காட்டும். இரும்பு என்றால் ஏறக்குறைய பாதி. ஏப்ரல் மாத மதிய ஷிஃப்டில், வெட்டி இறங்கிய கையோடு போர் டயல் (துளை அளவு பார்க்கும் கேஜ்) போட்டு ஆஃப்செட் மாற்றும் ஆப்பரேட்டர் நல்ல பீஸைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். பீஸ் ஆறட்டும், கேஜைச் சரிபார்க்கும் மாஸ்டரும் அதே இடத்தில் இருக்கட்டும்.

அறிகுறி 4: மாதக் கடைசி வாரத்தில் பாதி பில்லிங்

கஸ்டமர் ஷெட்யூல் அப்படி என்பார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் முதல் இரண்டு வாரம் என்ன ஓடியது என்று பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். பெரிய எண்ணிக்கை, சுலபமான ஜாப் எல்லாம் முன்னால் ஓடியிருக்கும்; நாலு செட்டிங் கேட்கும் சின்ன ஜாப்புகள் கடைசி வாரத்துக்கு ஒதுங்கியிருக்கும். சூப்பர்வைசரை எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள்? தினமும் சாயங்காலம் "இன்னைக்கு எத்தனை பீஸ்?" என்று கேட்டால் அவர் பீஸைத்தான் காட்டுவார். கேள்வியை மாற்றுங்கள்: "இன்று போக வேண்டியதில் எது போகவில்லை, ஏன்?" போர்டில் இரண்டு பத்திகள் போதும், சொன்ன தேதியும் போன தேதியும். புரொடக்‌ஷன் இன்சென்டிவ் எண்ணிக்கை மேல் இருந்தால் அதையும் இதற்கு மாற்றாமல் போர்டு பலிக்காது.

அறிகுறி 5: முதலாளி கல்யாணத்துக்குப் போனால் டிஸ்பாட்ச் நிற்கிறது

ஒரு வாரம் உங்களுக்கு ஷாப்பிலிருந்து வரும் போன்களை எழுதி வையுங்கள். இன்செர்ட் தீர்ந்துவிட்டது, வாங்கட்டுமா? அளவு கொஞ்சம் கூட இருக்கிறது, அனுப்பட்டுமா? ஆட்டோ வாடகை கேட்கிறார். ஓவர்டைம் போடட்டுமா? எந்த ஜாப் முதலில்? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒவ்வொன்றாக ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், தொகை வரம்போடு. டிராயிங் அளவு மீறிய பீஸை அனுப்பும் முடிவை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமரின் சம்மதம் எழுத்தில் வராமல் நீங்களும் அதை எடுக்கக்கூடாது.

கொடுத்த அதிகாரத்தை முதல் தப்பிலேயே பிடுங்கினால் அடுத்த நாளே எல்லா போனும் திரும்பி வந்துவிடும். இரண்டாயிரம் ரூபாய்க்குத் தவறான இன்செர்ட் வாங்கியதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர் இந்த மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம்.

அறிகுறி 6: "ஆளுங்க சரியில்லைங்க"

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இருந்தது. வராத ஆள், வேலை நிறுத்தம், மட்டமான தரம் என்று பெயரெடுத்து 1982-ல் மூடினார்கள். டொயோட்டாவுடன் சேர்ந்து 1984-ல் அதே கட்டடத்தில் திரும்பத் திறந்தபோது எடுத்த ஆட்களில் பெரும்பகுதி அதே பழைய தொழிலாளர்கள், அதே யூனியன். பிரச்சினை தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமையை லைனில் நின்றவர்களுக்கே கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகத் தரமான ஆலைகளில் ஒன்றாக அது ஆனது. 2010-ல் வேறு காரணங்களுக்காக மூடப்பட்டது, அது தனிக் கதை.

நம் ஊரில் சோதிக்க வேண்டியது: பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிக்கு வேலையை யார், எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தார்? பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள் என்று விட்டிருந்தால், பக்கத்து ஆளின் தப்பையும் சேர்த்தே கற்றிருப்பார். மெஷின் முன்னால் போட்டோ ஒட்டுங்கள்: பீஸ் இப்படி உட்கார வேண்டும், இந்த இடத்தில் சிப் இருக்கக்கூடாது. யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று ஒரு கட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஒரே பெயர் மட்டும் இருக்கும் மெஷின்தான் பீகாரின் சாத் பூஜைக்கோ பொங்கலுக்கோ நிற்கப்போகும் மெஷின்.

அறிகுறி 7: 5எஸ் (ஜப்பானிய ஒழுங்கு, சுத்த முறை) செய்தோம், மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்தத் தொழிற்கூடமும் ஜப்பானுக்குச் சளைத்ததில்லை. பொரியும் சுண்டலும் தீர்ந்த மறுவாரம் பழைய கதைதான். சுத்தம் தனி வேலையாக இருக்கும் வரை அப்படித்தான். மேலே சொன்ன ட்ராலியும் சிவப்பு ட்ரேயும் தினசரி வேலைக்குள் வந்தால், பொருள் இடத்தில் இல்லாததை அன்றைக்கே ஒருவர் கவனிப்பார். அதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

அறிகுறி 8: டர்னோவர் ஏறுகிறது, கையில் பணமில்லை

மூன்று இடங்களில் பாருங்கள். தரையில் கிடக்கும் பீஸ் ஒன்று. அது 1-ல் வந்துவிட்டது.

அடுத்தது ரேட். மெஷின் மணிக்கு 400 ரூபாய், செட்டிங் இரண்டு மணி நேரம் என்றால் செட்டிங் செலவு 800. ஆர்டர் 500 பீஸாக இருந்தபோது பீஸுக்கு ஒரு ரூபாய் அறுபது காசு. கஸ்டமர் இப்போது ஐம்பது ஐம்பதாகக் கேட்கிறார், ரேட் அதேதான். பீஸுக்குப் பதினாறு ரூபாய். இதைக் காகிதத்தில் போட்டு எடுத்துப்போய் பர்ச்சேஸில் பேசுங்கள், அல்லது செட்டிங்கைக் குறையுங்கள். இரண்டும் செய்யாமல் ஆர்டர் சேர்த்துக்கொண்டே போவதுதான் இந்த நோய்.

மூன்றாவது வசூல். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வட்டி கேட்டுக் கஸ்டமரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஆனால் உத்யம் எண்ணை (சிறு நிறுவனப் பதிவு எண்) ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சடித்தாலே, மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் உங்களுக்காகக் கொஞ்சம் பேசுவார்.

வெளியிலிருந்து ஒருவர் வந்து கைபிடித்துச் செய்து காட்டினால் நல்லது என்று தோன்றினால், மத்திய அரசின் லீன் (வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை) திட்டம் இருக்கிறது. 2023 மார்ச்சில் புதுப்பித்துத் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, மேம்பட்ட நிலை என மூன்று படிகள் உண்டு. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. உத்யம் பதிவு கட்டாயம். விண்ணப்பிக்கும் முன் 1-ல் சொன்ன ஜாப் கார்டு கணக்கையும் 2-ல் சொன்ன வீடியோவையும் தயாராக வைத்திருங்கள். ஆலோசகர் வரும் முதல் நாள் ஷாப்பைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழியாமல், அன்றைக்கே ஒரு ஜாப்பில் கை வைக்கலாம்.